எடைக்குப் போகாத பேட்டரி

அந்தப் பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் வழக்கே இல்லை.

கெங்கவல்லியிலிருந்து வந்த என் கட்சிக்காரர் ஓட்டியது மின்சார லோடு ஆட்டோ. மரவள்ளிக் கிழங்கு, காய்கறி என்று ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்கும் தம்மம்பட்டிக்கும் போய்வருவார். வாரண்டி முடியும் முன்பே, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிறகு வண்டி அடியோடு நின்றது. புதுப் பேட்டரிக்குக் கேட்ட விலை வண்டி விலையில் ஏறக்குறைய பாதி.

"எடைக்குப் போட்டா ஏதோ வரும்ங்கறாங்க சார். போட்டுரட்டுங்களா?"

தொடவே கூடாது என்றேன். நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். தவிர, 2001 விதிகள் ஈய-அமில பேட்டரியோடு நின்றுவிட்டன. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்தையும் சேர்த்துக்கொண்டன. திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. கண்ட இடத்தில் போடாமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்கும் கடமை வாங்கியவருக்கு. சட்டத்தைக் கேட்டு அவர் தலையாட்டினார். உடைத்தால் தீப்பிடிக்கும் என்றதும்தான் உறைத்தது.

டீலர் இருந்தது வேறு மாவட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்ய வழிவிடுகிறது. சேலம் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்தோம். ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

வாடகைக்கு ஓட்டுகிறார், மச்சானும் கூட ஓட்டுகிறார், வணிக நோக்கம், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்று பதிலுரை வந்தது. அதற்கு மருந்து 1995லேயே இருந்தது: லக்ஷ்மி எஞ்சினியரிங் எதிர் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம். பிழைப்புக்காகத் தானே ஆட்டோ ஓட்டுபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவர் இருந்தாலும் அந்தத் தகுதி போகாது என்றது உச்ச நீதிமன்றம். வேடிக்கை, அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றுப்போனார். அவர் தோற்ற தீர்ப்பை வைத்துத்தான் ஊரூராக ஆட்டோக்காரர்கள் ஜெயிக்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம் என்றது வாரண்டி அட்டை. வண்டி ஓடிய நாள்வரை மீட்டரில் முழு சார்ஜ் 100 என்றே காட்டியது. அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. பாத்திரம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை அது சொல்லாது. சுருங்கிய கணக்கு பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் கிடக்கிறது. அதைப் படிக்கும் மென்பொருளோ கம்பெனி லேப்டாப்பில். ஒரே ஒரு செல் பலவீனமானாலும் அந்தப் பலகை மொத்த பேட்டரியையும் பூட்டிவிடும். 'வெயிலில் ஓட்டி, சூடு ஆறாமல் சார்ஜ் போட்டார்' என்று அவர்கள் சொன்ன பழிக்கும் விடை அந்தப் பலகையின் பதிவில்தான். சேலத்துச் சித்திரையில் வெயில் படாமல் எவன் ஓட்டுவான்?

பதிவைத் தாக்கல் செய்யச் சொல்லியும், சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி பேட்டரியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரியும் இடைமனு போட்டேன். ஆட்சேபணை வரும் என்று பார்த்தால் சமரசம் வந்தது: புதுப் பேட்டரி, நின்ற நாட்களுக்கு இழப்பீடு.

கூட்டு மெமோவில், பழைய பேட்டரியைக் கம்பெனியே தன் செலவில் எடுத்துப்போய்ப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்து ரசீது தரவேண்டும் என்று ஒரு வரி கேட்டேன். இழப்பீட்டுக்குக்கூட அவ்வளவு பேரம் பேசாத எதிர்த்தரப்பு வக்கீல், அந்த வரிக்காக ஒரு வாய்தா வாங்கினார்.