உறைந்துபோன றெகுலேற்றரும் ஒரு கேத்தில் சுடுதண்ணியும்

ரொறன்ரோவில் குளிர் மைனஸ் இருபதைத் தொட்டால் எனக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ற்தான் ஞாபகத்துக்கு வரும்.

2001 ஜனவரி. அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருந்த காலம். வேலை அனுமதி கிடைத்து, ஏஜென்சி மூலம் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஏஜென்சிக்காரனுக்கு நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ என்பது இன்று பின்னேரம்தான் தெரியும். அங்கே ஃபோர்க்லிஃப்ற் ஓட்டியவர் கரவெட்டிப் பக்கத்து அண்ணை ஒருவர். ஐம்பது தாண்டியவர். அவரும் ஏஜென்சிதான்.

அவருடைய மெசின் புரோப்பேனில் ஓடுவது. காலையில் ஒழுங்காக ஸ்ராட் ஆகும். பத்துப் பதினைந்து நிமிசம் நன்றாக ஓடும். பிறகு பாரம் தூக்கும்போது இருமும், திணறும், நின்றுவிடும். சீற்றைத் தூக்கிப் பார்த்தால் றெகுலேற்றர் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. அரை மணித்தியாலம் சும்மா விட்டால் திரும்ப ஓடும். ஆனால் வாசலில் லொறி நிற்கும்போது ஆர் பொறுப்பது? சாப்பாட்டு அறைக் கேத்திலில் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றுவோம். பனி கரையும். இன்னொரு கால் மணித்தியாலம் ஓடும். பிறகு திரும்பவும் கேத்தில்.

றெகுலேற்றரை மாற்றியும் பார்த்தார்கள். புதிதும் உறைந்தது. அதோடு சூப்பர்வைசரின் கண் அண்ணையில் விழுந்தது. ஓட்டத் தெரியாமல் மெசினைப் பழுதாக்குகிறார், வெள்ளிக்கிழமையோடு வேறு ஆளைக் கேட்கப் போகிறோம் என்று கதை அடிபட்டது. அண்ணை என்னட்டை வந்தார்.

"தம்பி, உது என்ர பிழையில்லை. ஆனா அதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

எனக்கும் இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் நின்றவன். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு எங்களுக்குப் பெற்றோல் லீற்றர் கணக்கில் இல்லை, சொட்டுக் கணக்கில்தான். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயில் ஓடினோம். எஞ்சின் ஆறிவிட்டால் மண்ணெண்ணெய் சரிவராது, திரும்பவும் சொட்டுப் பெற்றோல்தான். எரிபொருள் ஆவியாக வேண்டும், ஆவியாக வெப்பம் வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, உதைத்து உதைத்துக் காலால் படித்தேன்.

புரோப்பேனும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்ற் சிலிண்டரிலிருந்து வருவது வாயு அல்ல, திரவம். றெகுலேற்றருக்குள் வந்துதான் அது வாயுவாகி ஏறத்தாழ 270 மடங்கு விரிகிறது. மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும் சாமான்தான். ஆனால் கொதிக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அந்த வெப்பத்தைக் கொடுப்பதற்காகவே எஞ்சினின் சூடான கூலன்ற் இரண்டு குழாய் வழியாக றெகுலேற்றருக்குள் போய்த் திரும்புகிறது. ஆகவே பனி பிடிப்பது றெகுலேற்றரில் என்றாலும், குறை சூடு வரும் பாதையில் இருக்கலாம்.

அடுத்த தரம் மெசின் நின்றபோது அந்த இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் கைவைக்க முடியாத சூடு. குழாய்கள் இரண்டும் பச்சைத் தண்ணி மாதிரி.

சூப்பர்வைசரிடம் போனேன். கேட்காத விசயத்தில் வாய் வைத்தால் எனக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று தெரியும். அவரைக் கூட்டிவந்து, எஞ்சினைக் காட்டி "ஹொட்" என்றேன். அவர் கையைப் பிடித்துக் குழாயில் வைத்து "கோல்ட்" என்றேன். அவ்வளவுதான் என்னுடைய வாதம். அவர் ஒன்றும் பேசாமல் போய் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தார்.

அடுத்தநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மெக்கானிக் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். (சூட்டோடு திறந்தால் முகம் அவிந்துபோகும், கவனம்.) விரல் விட்டும் கூலன்ற் தட்டுப்படவில்லை. எல்லோரும் சூடு காட்டும் முள்ளை நம்பி இருந்திருக்கிறார்கள். கூலன்றில் மூழ்காத சென்சர் அதன் சூட்டை எப்படிக் காட்டும்? றெகுலேற்றர் உயரத்தில் இருந்தபடியால் மட்டம் இறங்க முதலில் காய்ந்தது அதுதான். அதற்குப் போகும் குழாயின் கிளிப்புக்கு அடியில் காய்ந்த பச்சைக் கறை. சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. குழாயையும் கிளிப்பையும் மாற்றி, கூலன்ற் நிரப்பி, மேல் குழாயைத் தளர்த்திக் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். கூலன்ற் சரியாக இருந்திருந்தால், திறந்தபடி இறுகிய தெர்மோஸ்ரற், அடைபட்ட குழாய், தண்ணிப் பம்ப் என்று தேடியிருக்க வேண்டும்.

அன்று முழுநாளும் மெசின் நிற்கவில்லை. சூப்பர்வைசர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து போனது. திங்கட்கிழமை காலை அண்ணை வழக்கம்போல மெசினில் ஏறினார்.

பனி பிடித்த இடத்தில் சுடுதண்ணி ஊற்றுவது லேசான வேலை. அந்த இடத்தில் நிற்கிற ஆளைக் குற்றம் சொல்லுவது அதைவிட லேசு. உங்களில் ஆராவது இப்படியொரு மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், முதலில் அந்த இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கோ.

கேத்தில் திரும்பவும் சாப்பாட்டு அறைக்குப் போனது. அன்றைக்கு இடைவேளையில் அண்ணைதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.