பறைக்குச் சட்டம் செய்தவர் யார்?

திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர் பிறந்த ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சேரிகளுக்கு நாங்கள் போவது வேறு வேலையாக. அங்கே பறைக்குச் சட்டம் செய்வதைப் பார்த்திருக்கிறோம். வேம்பில் மூன்று துண்டு செதுக்கி, வளைவு பிசகாமல் வட்டமாகச் சேர்த்து, மூட்டுகளில் இரும்புப் பட்டை அடிக்கிறார்கள். தோலும் புளியங்கொட்டைப் பசையும் அப்புறம்தான். துண்டு ஒன்று சற்றே கோணினாலும் வட்டம் சேராது.

தைவானின் பைவான் பழங்குடியில் மரச்செதுக்கு மரபாகத் தலைமைக் குடும்பங்களின் உரிமையாக இருந்தது. தூணில் மூதாதையர் உருவம் இருந்தால் அது பெரிய வீடு. இங்கே செதுக்கியது சேரிக்கை என்பதால் அதற்குக் கலை என்ற பேரே இல்லை.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. 2025இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ, கொண்டாடினோம். அடிப்பவருக்கு இப்போது மேடை இருக்கிறது. செய்பவர் பேரை மேடையில் யாரும் சொல்வதில்லை.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் இளைஞர்கள் மறுத்தது சரி. அந்த மறுப்பில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இழிவை உதறும்போது உளியும் சேர்ந்து போய்விடுமோ என்பதுதான் கவலை. தோழர்களே, அடுத்த பறைப் பயிற்சி முகாமுக்கு, அடி சொல்லித்தரும் ஆசானோடு சட்டம் செய்பவரையும் அழையுங்கள், கூலி பேசி.