ராணிபென்னூரில் ஒரு காலை

பெங்களூரிலிருந்து ஹூப்ளி செல்லும் ரயில், ஹரிஹரத்தைத் தாண்டியதும் துங்கபத்திரையைக் கடக்கிறது. சற்றைக்கெல்லாம் ராணிபென்னூர் வருகிறது. ஹாவேரி ஜில்லாவைச் சேர்ந்த இவ்வூருக்குக் கோபுரம் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனாலும் நம் அடுப்பில் கொதிக்கும் ரசத்துக்கும் இவ்வூருக்கும் சம்பந்தம் உண்டு. கலப்பினத் தக்காளி விதை தயாரிப்பதில் பெயர்பெற்ற பிரதேசம் இது.

1973-ஆம் ஆண்டில் பெங்களூர் ஸ்தாபனம் ஒன்று 'கர்நாடகா' என்னும் கலப்பினத் தக்காளியை வெளியிட்டது. நமது தேசத்திலேயே உயர்ந்த விதை உண்டாக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் எத்தனை விரல்களின் உழைப்பு இருக்கிறதென்பதை ஒரு வயலுக்குச் சென்ற பிறகே உணர்ந்தேன்.

முதல் நாள் பிற்பகல் போனேன். ஸ்திரீகள் சிறு இடுக்கியுடன் செடி செடியாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தப் பைகள் கூம்புபோல் சேர்ந்து சூல்முடியை மூடியிருப்பதால், பூ தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்கிறது. ஆகவே மகரந்தம் உதிருமுன் அக்கூம்பை அகற்றிவிட வேண்டும். புல்லி இதழ் விலகி, அல்லி இதழ் வெளிர் மஞ்சளாக எட்டிப் பார்க்கும் மொட்டே ஏற்றது. அதற்கு முந்தினால் பிஞ்சு மொட்டு காயப்படும். பிந்தினால் கலப்புக்கே இடமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் சென்றேன். நேற்றைய மொட்டுகள் பளிச்சென்ற மஞ்சளாக விரிந்திருந்தன. ஆண் செடிகளின் பூக்களிலிருந்து எடுத்து, உலர்த்தி, சலித்து வைத்த மகரந்தத்தில் சூல்முடியை மெல்லத் தோய்த்தார்கள். பிறகு அடையாளத்திற்காக இரண்டு புல்லி இதழ்களைக் கத்தரித்தார்கள். வெயில் ஏறினால் மகரந்தத்தின் சக்தி குறைந்துவிடும். பதினொரு மணிக்குள் வேலை முடிய வேண்டும். தப்பிய பூக்கள் பல சேர்ந்தால் விதையின் தூய்மை கெடும். பரிசோதனையில் தவறிய விதைக்கு விலை இல்லை.

அவ்வரிசையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவள் கை எல்லோரையும்விட விரைவாக ஓடியது.

"இன்று பள்ளிக்கூடம் இல்லையா, அம்மா?" என்று அவள் தாயைக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் நாளைக்கும் இருக்கும், மேஷ்டரே. இந்தப் பூ நாளைக்கு இருக்குமா?" என்றாள் அவள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது; குடும்பத் தொழிலில் உதவவும் பள்ளி நேரம் போக மீதிப் பொழுதையே 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. ஆனால் கூலியை எதிர்பார்த்து உலை வைக்கும் வீட்டில் சட்டத்தை மட்டும் பேசிப் பயன் என்ன? பூக்கும் வாரங்களில் பெரியவர்களுக்குப் போதிய கூலி கொடுத்தால், சிறிய விரல்களைத் தேட வேண்டியதில்லை.

புறப்படும்போது சொன்னேன்: "மொட்டுக்கு ஒரு நாள் உண்டு என்று எனக்குக் கற்பித்தீர்கள், அம்மா. இவள் வயதுக்கும் அப்படியே அல்லவா?"

அவள் ஒன்றும் பேசாமல் மகளின் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். ரயில் துங்கபத்திரையைக் கடக்கும் வரையில் அந்தப் பார்வை என்னை விட்டு அகலவில்லை.