சமையல்கட்டுக்கு ஒரு கடிகாரம்

சுவர்க்கடிகாரம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "ஹாலுக்கா?" என்றுதான். எங்கள் திருவொற்றியூர் வீட்டிலும் அது ஹாலில்தான் இருந்தது. டிவிக்கு மேலே, அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே. கல்யாணத்துக்கு வந்த பரிசு; தங்கநிறச் சட்டம், ரோமன் எண்கள். நாள் முழுக்க நேரத்தோடு மல்லுக்கட்டிய அம்மாவுக்கு அடுப்பு முன்னாலிருந்து அது தெரியாது. "மணி என்னா ஆச்சு பாரு" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் ஒரு கைக்கடிகாரமும் இருந்தது. தண்ணீரும் மாவும் படும் கையில் கட்ட முடியாமல் பீரோவுக்குள்ளேயே நின்றுபோனது.

அப்பாவுக்கு முதல் ஷிப்ட் என்றால் அம்மாவுக்கு விடிகாலை நாலு மணி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அடுப்புக்கு அப்படியொரு தடை இருந்ததே இல்லை. 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 88. (வீட்டுவேலையைத் தொடாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியில்லை.)

எனக்கென்று வீடு அமைந்தபோது, அடுப்பு முன் நின்று பார்த்துத்தான் ஆணி அடிக்க இடம் குறித்தேன். அடுப்புக்கு நேர் மேலே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். பக்கத்துச் சுவர் சரி. வெள்ளை முகப்பு, தடித்த கறுப்பில் பன்னிரண்டு எண்களும். ஆறேழு அடி தூரம்தான் என்பதால் பத்து அங்குலம் போதும். நொடி முள் டிக் டிக்கென்று அடிக்காமல் வழுக்கி ஓடும் வகையாகக் கேட்டு வாங்கினேன். ஒரே அறையும் சமையல்கட்டுமாக இருக்கும் வீட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்க வேண்டுமே. சட்டம் பிளாஸ்டிக். எங்கள் கடல்காற்று இரும்பை விட்டுவைக்காது, பேட்டரி முனையில்கூடப் பச்சை பூக்கும். அதனால் ஓடும்போதே வருஷத்துக்கொருமுறை பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

அழகு வேண்டாமா? வேண்டும். ஹாலில் வைக்க லாயக்கில்லாததும் ஓசியில் வந்ததும் சமையல்கட்டுக்கு என்ற வழக்கம் எனக்குப் பிடிக்காது. கிளிப்பச்சைச் சட்டம் பார்த்து எடுத்தேன். குஜராத்தின் மோர்பியில் செய்தது. அந்த ஊர்க் கடிகார ஆலைகளில் பாகங்களைக் கோர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் வீட்டில் கடிகாரம் எந்தச் சுவரில் இருக்குமோ.

எங்கள் ஹாலில் இப்போது கடிகாரம் கிடையாது. போன் சார்ஜில் இருந்தால், மணி பார்க்க என் கணவர் சமையல்கட்டுக்குத்தான் வரவேண்டும். வந்தவர் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்துவிடுவேன்.