மூன்றாவது பட்டை

என் வீட்டுத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ஒன்றுக்கு மூன்று வெள்ளைப்பட்டைகளும் சுத்தமாக விழுந்திருக்கின்றன: தலையில் ஒன்று, நடு உடம்பில் ஒன்று, வாலடியில் ஒன்று. மற்றதற்கு நடுப்பட்டை முதுகிலிருந்து இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. வால்பட்டை விழவே இல்லை. இதைச் சாக்காக வைத்து விலையைக் குறைக்கப் பார்த்தேன். ‘பட்டை தப்பினதுக்குத்தான் சார் ரேட் ஜாஸ்தி’ என்றார். குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் இப்படிப் பட்டை தவறியவற்றைப் பொறுக்கி, இனம் சேர்த்து, ‘ஸ்னோஃப்ளேக்’, ‘பிக்காசோ’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். குறையைப் பாணியாக விற்கத் தெரிந்தவர்கள் கவிதை உலகில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

தொட்டி, மாற்றலாகிப் போன எங்கள் கிளை மேலாளர் தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுச்சென்றது. மூன்றடிக் கண்ணாடி. ஒரு வங்கி எழுத்தனுக்கு இது அதிகப்படிதான். மின்சார ரசீதை மனைவி என் மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். முதல் ஆறு மாதம் தொட்டியில் கடல் சாமந்தி இல்லை. மீன்கள் ஒரு உடைந்த மண்சட்டியைத் தங்கள் வீடென்று வைத்துக்கொண்டன. பிறகு கம்பளம் போல விரியும் ஜாதிச் சாமந்தி ஒன்று கிடைத்தது. அதன் சதைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருப்பதால் நல்ல வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் வெளுத்துச் செத்துப்போகும். அதற்குக் காலும் உண்டு போல. ராத்திரியில் நகர்ந்து போய் மோட்டாரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மோட்டார் வாயில் பஞ்சு கட்டினேன்.

மீன்கள் அதற்குள் குடியேறிய ஆறாவது வாரத்தில் கறுக்க ஆரம்பித்தன. பட்டைகளுக்கிடையே இருந்த ஆரஞ்சு, கரி பூசினாற்போல மங்கியது. நோயென்று பயந்தேன். நோயில்லை. கோமாளி மீன்களில் சில இனங்கள், மெர்டென்ஸி என்ற கம்பளச் சாமந்தியில் வாழ நேர்ந்தால் கறுத்துவிடும் என்று டாஃபினி ஃபாட்டினும் ஜெரால்ட் ஆலனும் 1992இல் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. ஆக, வீடு மாறினால் நிறம் மாறுகிறது. ஆனால் அந்தப் பாதிப்பட்டை ஒரு நூல்கூடக் கீழே இறங்கவில்லை. வாங்கும்போது எனக்கு அந்த நப்பாசை இருந்தது.

கறுப்பு வேறு, வெள்ளை வேறு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளை, சாயமல்ல. ஒளியைத் திருப்பியனுப்பும் படிகங்கள் நிறைந்த செல்களின் வேலை. குஞ்சு பருவம் மாறும் சில நாட்களில் தைராய்டு சுரப்பின் கட்டளைப்படி அவை அணிவகுக்கின்றன. முதலில் தலைப்பக்கம், கடைசியில் வால். 2021இல் வின்சென்ட் லோடேயின் குழுவினர் பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவிலிருந்து ஒரு விஷயத்தை எழுதினார்கள். அங்கே ஒரே இனத்துக் குஞ்சுகள் இரண்டு விதமான சாமந்திகளில் குடியேறுகின்றன. ஒன்று ஜைகாண்டியா என்ற கம்பள ஜாதி; மற்றது மாக்னிஃபிகா. கம்பளத்தில் குடியேறியவற்றுக்குப் பட்டைகள் சீக்கிரம் விழுகின்றன. அவற்றின் உடம்பில் தைராய்டுச் சுரப்பு கூடுதல். அதன் உற்பத்தியில் பங்குள்ள டூயாக்ஸ் என்ற மரபணுவும் அங்கே சுறுசுறுப்பு. கம்பளம் அதிக விஷமுள்ளது, அந்த நெருக்கடிதான் காரணமோ என்பது ஊகம். ஆனால் வளர்ந்தபின் இரண்டு வீட்டு மீன்களுக்கும் மூன்று பட்டைகள்தான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீனுக்காக அல்ல.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் இரண்டு முதல் தொகுதிகளைச் சேர்த்து வைத்து விமர்சனம் எழுதினேன். ஒன்று சென்னையில் புத்தகங்களுக்கும் பேச்சுக்கும் நடுவில் வளர்ந்தவருடையது. மற்றது என் கல்லூரி நண்பனுடையது. அவன் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே வயது. முன்னவர் முழுமை கூடியவர் என்றும் என் நண்பன் உருவம் கூடாதவன் என்றும் எழுதினேன். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார், பி.ஏ. ஆங்கிலத்தில் நான் கற்ற ஒரே ஆயுதம் அதுதான். ஆளைப் பார்க்காதே, பக்கத்தைப் பார். சிநேகத்தையும் பார்க்காமல் எழுதினேன் என்பதில் எனக்கு அன்று பெருமைகூட. நண்பன் அதற்குப்பின் தொகுதி போடவில்லை.

பக்கத்தைப் பார்த்தது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவன் கவிதைகளில் பட்டை விழாத இடங்கள் இருந்தன, அது நிஜம். இன்னும் விழவில்லை என்பதை இல்லை என்று படித்தேன். தவறு அங்கேதான். ஒரே வயதுக் குஞ்சுகள் இரண்டை வெவ்வேறு சாமந்திகளிலிருந்து எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்க்கிறவன், ஒன்றை முழுமை என்றும் மற்றதைக் குறை என்றும்தான் சொல்வான். அந்தத் தட்டைத்தான் நான் விமர்சனம் என்று நம்பியிருந்தேன்.

சூழல் சூழல் என்று ஜபிப்பவர்களுக்கும் இந்த மீன் உதவப்போவதில்லை. பட்டையை எழுதுவது வீடல்ல. அது மீனின் சொந்தச் சொத்து. வீடு செய்வதெல்லாம் அதன் வேளையை முன்னே பின்னே தள்ளுவது. இந்த உவமையை மேலும் இழுத்தால் அறுந்தும்விடும். கடுமையான வீட்டில்தான் பட்டை சீக்கிரம் விழுகிறது. உப்பளத்தைவிடக் கடுமையான வீடு ஏது? என் நண்பனுக்கோ நேரமானது. அவனுக்கு எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று கேட்டிருக்கலாம்.

பட்டைகளைக் கோமாளி மீன்களே எண்ணுகின்றன என்று 2024இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. தன் வீட்டுக்குள் நுழையும் மீனுக்குத் தன்னைப் போல மூன்று பட்டை இருந்தால்தான் அவை மூர்க்கமாகப் பாய்கின்றனவாம். குறைந்த பட்டைக்காரன்மேல் அவ்வளவு கோபமில்லை. இந்த விஷயத்தில் அவை நம்மைவிட நாகரிகமானவை.

சென்ற மாதம் நண்பன் நகைக்கடனைப் புதுப்பிக்கக் கிளைக்கு வந்திருந்தான். ‘வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாமாடே?’ என்றான். வைத்துக்கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான்.

‘இது ஏன்டே பாதியில நிக்கி?’

தீனி, வெளிச்சம், நெருக்கடி என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் காரணங்களை ஒப்பித்தேன். பருவம் தப்பிவிட்டால் பிறகு விழாது என்றேன்.

‘நல்லா திங்குதுல்லா?’

‘திங்குது.’

‘பெறவென்ன’ என்றான்.

விமர்சனத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அவன் இந்த மாதிரிப் பத்திரிகைகள் வாங்குவதை நிறுத்தி வெகுகாலமாகிறது.