ஒரே பெயரில் மூன்று பாடல்கள்

பத்திரிகைத் தொழிலில் தலைப்புக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே பக்கத்தில் இரண்டு செய்திகளுக்கு ஒரே தலைப்பு அமைந்துவிட்டால், அச்சுக்குப் போவதற்குள் ஒன்றை மாற்றியாக வேண்டும். நேற்றைய தலைப்பு இன்று திரும்பி வந்தாலும் செய்தி ஆசிரியரின் முகம் மாறிவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய எனக்கு ஆங்கிலப் பாடல் உலகம் வியப்பாகவே இருந்தது. அங்கே ஒரே தலைப்பில் யாரும் எத்தனை பாடலும் பாடலாம். பதிப்புரிமை வரிகளுக்கும் மெட்டுக்குமே உண்டு, தலைப்புக்குக் கிடையாது.

நமது திரைப்பாடல்களில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை. முதல் அடியே பாடலின் பெயர். இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிய நேயர்கள் படத்தின் பெயரையும் முதல் அடியையும் குறித்தாலே போதும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் பாட்டுக்குத் தனியே பெயர் சூட்டுகிறார்கள். சூட்டும் பெயர்களும் காதல், இதயம், கண்ணீர் என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன.

'த பவர் ஒஃப் லவ்', அதாவது காதலின் வல்லமை, என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 1984 டிசெம்பருக்கும் 1985 நவம்பருக்கும் இடையில் இந்தப் பெயரில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பாடல்கள் முதலிடம் பிடித்தன.

முதலாவது, லிவர்பூலைச் சேர்ந்த 'பிராங்கி கோஸ் டு ஹொலிவூட்' குழுவினருடையது. பிரித்தானியாவில் அவர்களது முதல் இரு தனிப்பாடல்களைப் போலவே இதுவும் முதலிடத்துக்கு வந்தது. பாடலில் நத்தார் பற்றி எதுவும் இல்லை. ஆனால் அதற்கான ஒளிப்படக் காட்சி இயேசு பிறப்பைச் சித்திரித்ததால் நத்தார்ப் பாடல்களோடு சேர்ந்துவிட்டது. ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல கலைஞர்கள் கூடிப் பாடிய 'பான்ட் எயிட்' பாடல் வந்து அதைக் கீழே இறக்கியது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஹியூ லூயிஸ் குழுவினர் 'பாக் டு த பியூச்சர்' படத்துக்காகத் தந்தது. காலப் பயணம் பற்றிய படம். பாடலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1985 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஒஸ்காருக்கும் முன்மொழியப்பட்டது, விருது லயனல் ரிச்சிக்குப் போயிற்று. படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாடசாலை இசைத் தேர்வில் கதாநாயகனின் குழு இதே பாடலை இசைக்கும்போது, சத்தம் அதிகம் என்று நிறுத்துகிற நடுவராக வருபவர் ஹியூ லூயிஸ்தான்.

மூன்றாவது பாடல்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. ஜெனிபர் ரஷ் அமெரிக்கப் பெண். பெயர் பெற்றதோ மேற்கு ஜேர்மனியில். 1984 இறுதியில் அங்கே வெளிவந்த அவரது பாடல், பிரித்தானியாவில் 1985 கோடையில் பட்டியலின் அடியில் நுழைந்து, மெல்ல மெல்ல ஏறி ஒக்டோபரில் முதலிடம் அடைந்தது. ஐந்து வாரங்கள் அங்கேயே நின்றது. அந்த ஆண்டில் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் அதுவே. பிரித்தானியாவில் பத்து இலட்சம் பிரதிகள் விற்ற முதல் பெண் தனிப்பாடகி என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் சொந்த நாட்டில் 57ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஹியூ லூயிஸின் பாடல் அதே பெயரில் முந்திக்கொண்டதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். 'எயார் சப்ளை' குழுவினர் ரஷ்ஷின் பாடலை 1985இல் பாடியபோது, பாட்டில் வரும் ஒரு தொடரை அடைப்புக்குறிக்குள் தலைப்போடு சேர்த்துக்கொண்டார்கள். இருந்தும் எனக்கு அந்தக் காரணம் ஏற்புடையதாகப் படவில்லை. பிரித்தானியாவிலும் பத்து மாதங்களுக்கு முன் அதே பெயரில் ஒரு பாடல் முதலிடத்தில் இருந்ததே! அங்கே எவரும் குழம்பவில்லை.

அவரை மறைத்தது வேறொன்று. 1993இல் செலீன் டியோன் இதே பாடலைப் பாடி வெளியிட்டார். 1994 பெப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம், நான்கு வாரங்கள். அன்று முதல் உலகின் பெரும்பகுதிக்கு அது செலீன் டியோனின் பாட்டு. ரஷ்ஷின் மூலப்பதிவைக் கேட்பவர்கள்கூட, "செலீனின் பாட்டை யாரோ பாடியிருக்கிறார்கள்" என்கிறார்கள். செலீன் சிறப்பாகத்தான் பாடியிருக்கிறார், குறை சொல்வதற்கில்லை. எனக்கோ, ரஷ்ஷின் கனத்த குரல் தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலெழும் அந்த முதற்பதிவே பிடித்தம். ஓடித் திரிந்து செய்தி சேகரித்தவர் ஒருவராகவும், பெயர் போட்டுக்கொள்பவர் இன்னொருவராகவும் இருப்பதைத் தொழிலில் பார்த்துப் பழகியதனாலும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் அழியவில்லை. ரஷ் அந்தப் பாடலைப் பாடியவர் மட்டுமல்ல, இயற்றிய நால்வரில் ஒருவரும்கூட. செலீன் டியோனின் இசைத்தட்டு உறையில், பாடலை ஆக்கியோர் வரிசையில், சிறிய எழுத்தில் ரஷ் என்ற பெயர் இருக்கிறது.