கடைவீதியும் பள்ளிக்கூடமும்

பழைய போட்டோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தாத்தாவும் பாட்டியுந்தான். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டி, காமிரா கடித்துவிடுமோ என்ற பயத்துடன் பக்கத்தில் நிற்பாள். ஆனால் ஊருக்கும் ஒரு முகம் உண்டு அல்லவா? அந்த முகத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

பெரம்பலூர்ப் பக்கத்துப் பூலாம்பாடியின் பழைய படங்களைத் தேடியபோது இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது. பச்சைமலையை அடுத்த இந்தப் பேரூர், 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரையில் திருச்சி ஜில்லாவில் இருந்தது. பெரிய க்ஷேத்திரங்களுக்குக் கிடைத்த யோகம் இத்தகைய ஊர்களுக்கு வாய்க்கவில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் படை அதிகாரி திருச்சி, தஞ்சாவூர், மதுரைக் கோபுரங்களையெல்லாம் படம் பிடித்தார். அவை 1858-லேயே தொகுதிகளாக வெளிவந்துவிட்டன. மளிகைக் கடையையும் பள்ளிக்கூடத்தையும் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

ஆகவே, சிற்றூர்க் கடைவீதி வேறு எதையோ எடுத்த படத்தின் பின்புறத்தில்தான் அகப்படும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் கடையின் பெயர்ப் பலகை தெரியும். ஓரத்தில் ஒரு வண்டிமாடு அசை போட்டுக்கொண்டிருக்கும். அன்று அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றோ, மாப்பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்தப் பலகையைப் படிக்க மாட்டோமா என்று மனம் தவிக்கிறது!

இன்னோர் இடம் கடலுக்கு அப்பால். அந்தப் பக்கத்து மக்கள் பலர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பல் சுமந்த தகரப் பெட்டிகளில் எத்தனை ஊர்களின் படங்கள் போயினவோ! இங்கே கறையான் தின்ற படத்தின் பிரதி, பினாங்கில் ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கலாம்.

பள்ளிக்கூடப் படங்களின் கதை வேறு. நடுவே தலைமை உபாத்தியாயர். முன்னால், வருஷம் எழுதிய சிலேட்டு. நாம் பார்த்த ஒரு படத்தில் நாற்பது பையன்கள். உறவினரான ஒரு முதியவர் விரல் வைத்து இருபத்தேழு பெயர்களைச் சொன்னார். மற்றப் பதின்மூன்று பேரின் பெயரைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, சிரிப்பை அடக்கிய உதடும் இருக்கிறது. பெயர் மட்டும் போய்விட்டது.

படத்தில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். பெண் குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. அன்று மாடு மேய்க்கப் போன பையனும் இல்லை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்ததற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்துத் தலைகளை எண்ணிப் பாருங்கள். எந்தச் சரித்திரப் புத்தகத்துக்கும் குறையாத பாடம் அது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுத்துச் சேமித்திருக்கிறார்கள். போற்றத்தக்க பணி. ஆனால் நம் வீட்டுப் பரணுக்கு நாம்தான் ஏற வேண்டும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படங்களை வையுங்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து, அக்கரைச் சொந்தங்களிடமும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். மங்கிய படத்தைத் தெளிவாக்க இன்று யந்திரம் உண்டு. மறந்த பெயரைத் தெரிந்து சொல்ல மனிதர்தாம் வேண்டும்.